ஆ நெடில், மி குறில்

9-6-69, திங்கள்

காலையிலேயே வெயில். பென்னாகரத்தில் பஸ் மாறி ஏரியூர். அங்கிருந்து ஒன்றரை மைல். தகரப் பெட்டியை மட்டும் ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் நடை. செருப்பு வார் அறுந்தது.

பள்ளிக்கூடம்: ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, ஒரு புளியமரம். ஐந்து வகுப்புக்கும் தலைமை ஆசிரியரும் (இனி த.ஆ.) நானும் மட்டும். ஒன்றும் இரண்டும் எனக்கு.

த.ஆ. மரியாதையான மனிதர். ஐம்பது வயது இருக்கும். ஆர்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"வாங்க அம்மிணி டீச்சர். உக்காருங்க."

"எம் பேரு ஆமினாங்க சார்."

"ஆர்டர்ல அம்மிணின்னு இருக்குதுங்களே."

"தப்பா இருக்குதுங்க."

"எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல?"

"அதுலயும் தப்புங்க."

"ட்ரெயினிங் சர்ட்டிபிகேட்டு?"

அவரே சிரித்துக்கொண்டார். "எல்லாத்துலயும் தப்பா இருந்தா, அப்புறம் அதுதானுங்களே சரி."

இதை மறந்துவிடக் கூடாது என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பணியில் சேர்ந்த அறிக்கையை நீட்டினார். ஆர்டரில் உள்ள பெயரில் கையெழுத்து வேண்டுமாம். முடியாது என்றேன். போடாவிட்டால் வேலையில் சேர்ந்ததாகவே ஆகாது, பதினைந்து நாளில் ஆர்டர் செத்துவிடும் என்றார். காலண்டரைப் பார்த்தோம். 23-ஆம் தேதி கடைசி. அதுவரை இந்தப் பள்ளியில் நான் இருக்கிறேன், ஆனால் இல்லை.

வருகைப் பதிவேட்டில் 'ஆமினா' என்று போட்டேன். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

வாங்க வேண்டியது: செருப்பு வார், மண்ணெண்ணெய், சீயக்காய்.

10-6-69, செவ்வாய்

காற்று. கரும்பலகை இரண்டு தடவை விழுந்தது.

நேற்று எழுத முடியாமல் போனது, வீடு தேடிய கதை. த.ஆ. தெருவில் போன ஒருவரிடம், "புது டீச்சரு ஆமினா வந்திருக்காங்க, வூடு வேணும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஆள் போய் என்ன சொன்னாரோ, நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் தடதடவென்று சத்தம். ஒரு அம்மாவும் இரண்டு ஆண்களும் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, தவலை எல்லாம் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போகிறார்கள்.

ஊருக்குப் போன செய்தி: 'அமீனா வந்திருக்கு.' கோர்ட் அமீனா. ஜப்தி செய்ய வருகிற அமீனா. அந்த வீட்டுக்காரருக்கு ஏதோ வழக்கு இருக்கிறதாம்.

கடைசியில் ரங்கம்மா இடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு ஆக்குகிறவர். புருஷன் இல்லை, ஒரு அறை சும்மா கிடந்தது. அண்டா கதையை அவர்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "ஒரு அண்டா வைக்கப்போருக்குள்ள போயிருச்சுங்க. இப்ப எந்தப் போருன்னு தெரியாம தேடறாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு படுத்தபோது கொஞ்சம் வந்தது.

பெட்டியை ரங்கம்மாவின் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அத்தா செய்த பெட்டி. மொரப்பூர் ஸ்டேஷன் எதிரில் அத்தாவுக்குத் தகரக் கடை. பெட்டி வாங்குகிறவர் பெயரை மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிக் கொடுப்பார். ஒரு எழுத்து தப்பாக எழுதியதில்லை. என் பெட்டியில் ஆமினா. ஆ நெடில், மி குறில். இந்த உலகத்தில் என் பெயர் சரியாக இருக்கிற ஒரே தகரம்.

11-6-69, புதன்

சேர்க்கை நாள். பதினான்கு புதுப் பிள்ளைகள். மூக்கொழுகல் ஆறு. அழுகை ஒன்பது.

வேலை இல்லாத நேரத்தில் யோசித்தேன். இந்த அம்மிணி எங்கிருந்து வந்தாள் என்று ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஐந்து வயது. அத்தா தகடு வாங்கச் சேலம் போயிருந்தார். அம்மா தம்பியைப் பெற்று ஏழாம் நாள். சேர்க்கை இன்றோடு முடிகிறது என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினார். அக்கா ஈரோட்டுப் பக்கம் பிறந்தவர். அங்கே பெண் பிள்ளை என்றால் அம்மிணிதான். வாத்தியார் கேட்டார், "யாரும்மா இது?" அக்கா சொன்னார், "எங்க அம்மிணிங்க."

எழுதிவிட்டார். அவ்வளவுதான். கொஞ்சலை எடுத்து மையில் நனைத்து விட்டார்.

எட்டாம் வகுப்பு வரை எனக்குத் தெரியாது. எல்லாப் பெண்களையும்தான் அம்மிணி என்று கூப்பிடுகிறார்கள், என்னை மட்டும் ஆஜர் வாசிக்கும்போதுகூடக் கொஞ்சுகிறார்கள் என்று பெருமை வேறு. அப்புறம் தெரிந்து, அத்தா மூன்று தடவை நடந்தார். 'இப்ப வேணாம் பாய், பரீட்சை முடியட்டும்.' பரீட்சை முடிந்ததும், 'பரீட்சைக்கு முன்னாடியே வந்திருக்கலாமே பாய்.'

அக்கா மேல் கோபம் இல்லை. எழுதினவர் மேல்தான். நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

இன்று சேர்ந்ததில் ஒரு குட்டிப் பெண், கன்னடம் பேசுகிற வீடு. பெயர் 'மாதி' என்றாள் தாய். முழுப் பெயர் என்ன என்று கேட்டேன். முழித்தாள். பாவம், எழுதப் படிக்கத் தெரியாதவள். 'மாதவி' என்று நானே அழகாக எழுதிக் கொடுத்தேன். நாளைக்குப் பெரியவளானால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டாமா.

12-6-69, வியாழன்

மத்தியானம் லீவு போட்டு யூனியன் ஆபீஸ். மனு கொடுக்க.

குமாஸ்தா வாங்கிப் பார்த்தார். நான் எழுதியது 'ஆமினா'. அவர் வாய்விட்டுப் படித்தது 'அமீனா'.

"ஏங்க, யாரு வூட்ட ஜப்தி பண்ணப் போறீங்க?"

மூன்று மேசைகளிலும் சிரிப்பு. டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். அவருக்கு என்ன வந்தது.

ஆ நெடில், மி குறில் என்று சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலவே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார். அ-வும் ஆ-வும் ஒன்று என்றால் நான் எதற்கு வாத்தியார் வேலைக்கு வந்தேன்.

பிறகு உதவி செய்கிறாராம். "அம்மிணி, அடைப்புக்குறிக்குள்ள எ, அப்புறம் ஆமினா. அம்மிணி என்கிற ஆமினா. முடிஞ்சுது."

போலீஸ் ஸ்டேஷன் பலகையில் திருடர்களுக்குத்தான் அந்த 'எ' பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றேன். முகம் மாறிவிட்டது. "பேரு மாத்தறதுன்னா சும்மா இல்லீங்க. கெஜட்ல வரணும். வருசக்கணக்கு ஆகும்."

அவர் மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மெட்ராஸ் அடித்து, தமிழ்நாடு என்று ரப்பர் ஸ்டாம்பு. என் ஆர்டரிலும் அப்படித்தான். தையில் ஒரு மாநிலத்துக்கே பெயர் மாற்றினார்கள். நல்லது, சந்தோஷம், நானும் மிட்டாய் கொடுத்தேன். அத்தனை பேருக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமாக இருந்தது. எனக்கு நாலு எழுத்து மாற்ற வருசக்கணக்கு.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே. சீயக்காய் வாங்கினேன். வார் மறந்துவிட்டது.

14-6-69, சனி

தலைக்குக் குளித்தேன். துணி துவைத்தேன். பினாங்கில் இருக்கும் மாமாவின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். வேலை கிடைத்ததற்கு வாழ்த்து எழுதியது. உறையின் மேல் என் பெயருக்கு இங்கிலீஷில் கடைசியில் ஒரு எச் போட்டிருக்கிறார். மலாய்க்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். அங்கே தெருவுக்கு ஒரு ஆமினா இருக்கிறாளாம். கப்பலில் சமையல் வேலை பார்த்தபோது துருக்கிக்காரன் ஒருவன் தன் மகள் பெயர் எமினே என்றானாம். ஆப்பிரிக்கா துறைமுகத்தில் மீன் விற்றவள் பெயர் மீனா என்றார்களாம், கேட்டால் ஆமினாவின் சுருக்கமாம். 'எங்கே போனாலும் நீ எனக்கு முன்னால் போய் நிற்கிறாய்' என்று எழுதியிருக்கிறார்.

எழுதிப் பார்க்கிறேன்:

ஆமினா: அரபி. பயமற்றவள், நிம்மதியாக இருப்பவள். நபிகளைப் பெற்ற தாயின் பெயர். ஓதிக்கொடுத்த ஆலிம்சா சொன்னது.

அமீனா: அதே வேரில் வேறு பெயர். நம்பத் தகுந்தவள். நல்ல பெயர்தான். என் பெயர் இல்லை.

அமீனா (கோர்ட்): நம்பிக்கையான ஆள் என்று சர்க்கார் வைத்த பெயர். இப்போது பெயரைக் கேட்டாலே அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

அமானத்து: நம்பி ஒப்படைத்த பொருள். இதுவும் அதே வேர்.

ஆமீன்: துஆ முடிந்ததும் சொல்வது. மாதா கோயிலில் ஆமென். இதுவும்தான்.

அம்மிணி: இதற்கும் மேலே உள்ளதற்கும் ஒட்டு இல்லை, உறவு இல்லை. அம்மாவில் பிறந்தது. மலையாளத்தில் இதைப் பெயராகவே வைக்கிறார்கள், ட்ரெயினிங்கில் கூடப் படித்தவள் ஒருத்தி இருந்தாள். கன்னடத்தில் அம்மண்ணி. இங்கே கிணற்றடியில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆக, பயமற்றவள் என்று அத்தா வைத்தார். துருக்கிக்காரனுக்கு வாயில் வருகிறது, மலாய்க்காரனுக்கு வருகிறது. மொரப்பூரிலிருந்து ஏரியூர் வருவதற்குள் தொலைந்துவிட்டது.

ரங்கம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க இம்புட்டு எழுதறீங்க, மாப்பிளைக்குங்களா?" என்றார்.

16-6-69, திங்கள்

புதுப் பிள்ளைகளுக்கும் இன்று முதல் ஆஜர். மத்தியானம் கோதுமைச் சோறு. தட்டோடு தள்ளுமுள்ளு, ஒருத்திக்கு நெற்றியில் வீக்கம். புதுச் சட்டம் போட்டேன்: ஆஜர் ஆனவர்கள் பெயரை நான் வாசிப்பேன், பெயர் கேட்டவர்கள்தான் எழுந்து வரிசைக்குப் போக வேண்டும், மற்றவர்கள் அசையக் கூடாது. அமைதியாக நடந்தது. த.ஆ. வந்து பார்த்து, "டிசிப்ளின்னா இதுதானுங்க" என்றார்.

கேள்விக்குறி ஆறாவது. கையெழுத்தைவிட அதை அழகாகப் போடுகிறார்.

18-6-69, புதன்

மாதவி மூன்று நாளாக வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிக்கிறது. சேர்த்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். இந்த ஊரில் பெற்றவர்களுக்குப் பொறுப்பு என்பதே கிடையாது. நாளைக்கு நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

அத்தாவின் கடிதம். மேலே பிஸ்மில்லாவுக்கு 786. எல்லோரும் சௌக்கியம். கூடவே பத்திரத் தாளில் ஒரு வாக்குமூலம், ராசம்மா அக்காவின் கைநாட்டோடு. அத்தாவே எழுதி, அக்கா சொன்னதைச் சொன்னபடி வைத்திருக்கிறார்:

'மொரப்பூர் ராசம்மா ஆகிய நான் சொல்றது. அந்தப் புள்ள பேரு ஆமினாதானுங்க. எனக்குப் புள்ள இல்ல. அதனால அம்மிணின்னு கூப்புட்டனுங்க. அதைப் பேருன்னு வாத்தியாரு எழுதிக்குவாருன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டனுங்க.'

அத்தா அடியில் ஒரு வரி: 'கஷ்டமாக இருந்தால் அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிடு ஆமினா. சம்பாத்தியம் முக்கியம். பெட்டியில் வேண்டுமானால் மாற்றி எழுதித் தருகிறேன்.'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு எழுத்துப் பிழை விடாத மனிதரை, தன் மகள் பெயரைப் பிழையாக எழுதித் தருகிறேன் என்று சொல்ல வைத்துவிட்டார்கள். போட மாட்டேன். வேலை போனால் போகட்டும், மொரப்பூர் போய் டியூஷன் எடுக்கிறேன்.

19-6-69, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நான் போக வேண்டியிருக்கவில்லை. மாதியின் தாய் காலை மணி அடிப்பதற்கு முன்பே வந்து நின்றாள். பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள்.

"அம்மண்ணி, எம் மகளுக்கு மட்டும் ஏனுங்க சோறு போட மாட்டேங்கறீங்க?"

யார் மகள் என்றேன். மாதி என்றாள்.

"மாதி எங்கம்மா வந்தா? மாதவின்னு மூணு நாளா கூப்புடறேன், ஆளையே காணோம்."

"வந்தாளுங்களே. தினமும் நான்தான் கொண்டாந்து விட்டேன். முன்னாடி வரிசையில உக்காந்திருந்தாளே."

பெண்ணைப் பார்த்தேன். ஆமாம். ஜன்னலோரம், முதல் வரிசை, பச்சைப் பாவாடை. மூன்று நாளும் என் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு பேர். நான் தலைகளை எண்ணவில்லை, பெயர்களை எண்ணினேன். மாதவி என்று வாசித்தேன், யாரும் எழவில்லை, ஆப்சென்ட். மத்தியானம் ஆஜர் ஆனவர்கள் பெயரை வாசித்தேன். அவள் பெயர் அதில் இல்லை. மற்றவர்கள் அசையக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். அவள் அசையவில்லை.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று தாய் வீட்டில் கேட்டிருக்கிறாள். "நன் எசரு அல்ல" என்றாளாம். என் பெயர் இல்லை.

தாய் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "மாதப்பங்கிட்ட வேண்டிக்கிட்டுப் பொறந்தவளுங்க. மலை மேல இருக்காரே சாமி, அவரு பேரு. நீங்க எழுதுனது யாரு பேருங்க?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும் என்று எட்டு நாளைக்கு முன்னால் இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அதே பக்கத்தில், அதற்கு அடுத்த பத்தியிலேயே மாதவி. நான் கேட்டேன்தான். கேட்டுவிட்டுப் பதிலை எழுதவில்லை.

த.ஆ. மேலும் குமாஸ்தா மேலும் வைத்திருந்த கோபம் எல்லாம் இன்று என் மேல். எனக்கு அது சரியாகவே பொருந்துகிறது.

மத்தியானம் மாதி முதல் ஆளாகச் சாப்பிட்டாள். இரண்டு தடவை வாங்கினாள். என்னைப் பார்க்கவே இல்லை.

20-6-69, வெள்ளி

சேர்க்கைப் பதிவேட்டைத் திருத்த வேண்டும். மாதவியை அடித்து மாதி. த.ஆ.விடம் கேட்டேன்.

"திருத்தலாங்க. வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போட்டா நான் மேலொப்பம் போடறேன்."

பேனாவை எடுத்தேன்.

"ஆமினான்னு போட்டா செல்லாதுங்க. ஆமினான்னு ஒரு டீச்சரே இங்க இல்லீங்களே." நக்கலாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னார். "திருத்தம் செல்லலைன்னா நாளைக்கு இன்ஸ்பெக்சன்ல மாதவின்னுதான் நிக்கும். அந்தப் புள்ளைக்கு அஞ்சாவது சர்ட்டிபிகேட்டு வரைக்கும் அதுதான் போகும்."

அஞ்சாவது வரைக்கும் இல்லை. அது எதுவரைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும்.

மேசையில் பதிவேடு. என் அழகான கையெழுத்தில் மாதவி. இந்த விரலால் அந்தப் பெயரை எழுதமாட்டேன் என்று அம்மா மேல் ஆணையிட்டு வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில்கூட அத்தாவைத்தான் போட வைத்தேன்.

குறுக்கே ஒரு கோடு. மேலே மாதி. பக்கத்தில் அம்மிணி.

முதல் தடவை. எழுத்து கோணலாக வந்தது. கடைசி ணி-யைப் போட்டுவிட்டு, பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

த.ஆ. மேலொப்பம் போட்டார். மை உலர ஊதினார். பிறகு மெதுவாக, "போட்டதுதான் போட்டுட்டீங்க. அப்படியே அந்த அறிக்கையிலயும் போட்டுருங்களேன்" என்றார்.

"இது அந்தப் புள்ளைக்குப் போட்டதுங்க சார். அது எனக்கு."

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். ராசம்மா அக்காவின் வாக்குமூலம் வந்திருப்பதைச் சொல்லியிருந்தேன். அதைக் கொடுங்கள் என்றார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம பாப்போங்க. உங்க இஷ்டப்படியே கையெழுத்துப் போட்டு, மனு, இது, எல்லாத்தையும் சேத்து அனுப்பிருவோம். கவரிங் லெட்டர் நானே எழுதறேன். அவங்க ஆச்சு, நாமாச்சு."

வருகைப் பதிவேட்டில் இன்று கேள்விக்குறி இல்லை. இப்போதுதான் கவனித்தேன்.

23-6-69, திங்கள்

லேசாகத் தூறல், உடனே நின்றுவிட்டது. ஆஜர் வாசித்தேன், இந்தத் தடவை ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து பார்த்து.

"மாதி."

"உள்ளேன்யா." புளியமரத்துக் காக்கை பறந்தது. அவ்வளவு சத்தம்.

பணியில் சேர்ந்த அறிக்கையில் ஆமினா என்று போட்டேன். மனு, அக்கா வாக்குமூலம், எல்லாம் கூடவே. த.ஆ. காலையெல்லாம் உட்கார்ந்து முகப்புக் கடிதம் எழுதினார், கார்பன் வைத்து, அடித்து அடித்து, இரண்டு பக்கம். உறையில் போட்டுப் பசை ஒட்டித் தானே கொண்டுபோய் மாரியம்மன் கோயில் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். "இனி உங்க பேரு உங்களுக்குத்தானுங்க" என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு. நல்ல மனிதர். இவரைப் பற்றி முன்னால் எழுதியதை அடித்துவிடலாமா என்று நினைத்தேன்.

சாப்பாட்டு மணி முடிந்து, பிள்ளைகளை எழுத வைத்துவிட்டு, பைலில் இருந்த கார்பன் பிரதியை ஆசையாக எடுத்துப் படித்தேன். தங்கமான கடிதம். ஒன்பது இடத்தில் என் பெயர் வருகிறது.

ஒன்பது இடத்திலும் அமீனா.

தபால்காரர் மூன்று மணிக்குப் பெட்டியைத் திறப்பார். இப்போது இரண்டே முக்கால். த.ஆ. வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கிறார். வகுப்பை ரங்கம்மா பார்த்துக்கொள்வார், சொல்லியாயிற்று. செருப்பு வார் இன்னும் வாங்கவில்லை. வெறுங்காலோடுதான் ஓட வேண்டும்.